முதலில் ஓடட்டும், அப்புறம் வெட்டலாம்: பழைய பைக்கை வீட்டுக் கராஜில் கஃபே ரேசர் ஆக்குவது

கேள்வி இதுதான்: 1970களில் வந்த ஜப்பானிய இரட்டை சிலிண்டர் பைக் ஒன்று கைக்கு வந்திருக்கிறது. இருபது ஆண்டுகளாக ஓடவில்லை. அதைக் கஃபே ரேசராக, அதாவது தேவையில்லாததைக் கழற்றி ஹேண்டிலைத் தாழ்த்திய பழைய பாணி வேக வண்டியாக, மாற்ற ஆசை. ஸ்பேனர் பிடித்துப் பழக்கம் உண்டு, வெல்டிங் தெரியாது. இருப்பது ஒரு கார் நிற்கும் அளவு கராஜ். முடியுமா, எங்கிருந்து தொடங்குவது?

முடியும். வெல்டிங் தெரியாதது பெரிய குறை இல்லை. மொத்த வேலையில் அது ஒரு நாள் சமாசாரம். இந்த மாதிரி வண்டிகள் பாதியில் நிற்பதற்குக் காரணம் வேறு. வாங்கிய வாரமே கிரைண்டரை எடுத்துப் பின்பக்கத்தை அறுத்துவிடுகிறார்கள். என் முதல் வண்டியில் நானும் அதைத்தான் செய்தேன். சீட்டுக்குக் கீழே ஃப்ரேமை அறுத்து, எல்லாவற்றையும் கழற்றி அடுக்கிவிட்டு, மூன்று மாதம் கழித்து இன்ஜினைத் திறந்தால் கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) பேரிங் போயிருந்தது. மாற்றுக் கிராங்க் கிடைக்கவில்லை. ஃப்ரேமை அறுத்துவிட்டதால் பழையபடி பூட்டி விற்கவும் வழியில்லை. கடைசியில் எட்டு அட்டைப்பெட்டிகளாக விற்றேன். அதற்குப் பிறகு செய்த நான்கு வண்டிகளிலும் ஒரே ஒழுங்குதான்: இருக்கிற கோலத்திலேயே முதலில் ஓட வைப்பது, சில நூறு கிலோமீட்டர் ஓட்டுவது, அப்புறம்தான் எதையும் வெட்டுவது.

கஃபே ரேசர் என்ற வகையே அப்படிப் பிறந்ததுதான். 1950களிலும் 60களிலும் பிரிட்டனில் இளைஞர்கள் நன்றாக ஓடிக்கொண்டிருந்த வண்டிகளில் தேவையில்லாததைக் கழற்றிப் போட்டார்கள், ஹேண்டில்பாரைத் தாழ்த்தினார்கள், ஃபுட்ரெஸ்ட்டைப் பின்னுக்குத் தள்ளினார்கள். நார்ட்டனின் ஃபெதர்பெட் ஃப்ரேம் வளைவில் அசையாமல் நின்றது; ட்ரையம்ஃபின் இரட்டை சிலிண்டர் இன்ஜினில் வேகம் கூட்ட இடம் இருந்தது. இரண்டையும் சேர்த்துப் பூட்டியதுதான் ட்ரைட்டன். ஓட்டிப் பார்த்து, குறை கண்ட இடத்தில் கை வைத்தார்கள். அழகு பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது.

உங்களிடம் இருப்பது ஜப்பானிய வண்டி என்பது உங்கள் நல்ல நேரம். அதே காலத்துப் பிரிட்டிஷ் வண்டியாக இருந்தால் விட்வொர்த் என்ற பழைய பிரிட்டிஷ் அளவு ஸ்பேனரும் தனியாகத் தேவைப்படலாம். பலவற்றில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் ஃப்ரேமோடு இணைந்திருக்கும், அதை மறந்து ஒரு வயரை மாற்றிக் கொடுத்தால் புகைதான். உங்கள் வண்டியில் நட்டு போல்ட்டு எல்லாம் மெட்ரிக். ஒரே ஒரு சூட்சுமம் உண்டு. இன்ஜின் மூடிகளில் இருக்கும் கூட்டல் குறி ஸ்க்ரூக்கள் பிலிப்ஸ் வகை போலத் தெரியும், ஆனால் அவை ஜேஐஎஸ் என்ற ஜப்பானிய அளவு. பிலிப்ஸ் ஸ்க்ரூடிரைவர் அதில் முழுதாக இறங்காது. அழுத்தித் திருகினால் நழுவி மேலே ஏறித் தலையைச் சிதைத்துவிடும். பழைய வண்டிகளில் அரைபட்ட ஸ்க்ரூத் தலைகளைப் பார்த்தால், முன்பு கைவைத்தவரிடம் எந்த ஸ்க்ரூடிரைவர் இருந்தது என்று தெரிந்துவிடும். ஜேஐஎஸ் ஸ்க்ரூடிரைவர் ஒரு செட், சுத்தியலால் தட்டும் இம்பாக்ட் டிரைவர் ஒன்று, இறுக்கும் விசையை அளந்து காட்டும் நல்ல டார்க் ரெஞ்ச் ஒன்று. வேறு எதற்கும் முன்னால் இந்த மூன்றையும் வாங்குங்கள். கூடவே அந்த மாடலின் ஒர்க்‌ஷாப் மேனுவல்.

ஸ்பேனர் தொடுவதற்கு முன் இன்னொன்று. ஃப்ரேம் எண்ணும் இன்ஜின் எண்ணும் ஆவணத்தோடு ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். உருவத்தை மாற்றுவதற்கு எவ்வளவு அனுமதி என்பது நாட்டுக்கு நாடு மாறும். அதை இப்போதே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், பெயின்ட் காய்ந்த பிறகு அல்ல.

சரி, இன்ஜின். இருபது ஆண்டு நின்ற வண்டியை நேராகக் கிக் அடிக்காதீர்கள். பிஸ்டன் ரிங்குகள் சிலிண்டர் சுவரோடு துருவில் ஒட்டியிருக்கலாம். உதைத்தால் ரிங் உடையும், சுவர் கீறும். ஸ்பார்க் ப்ளக் இரண்டையும் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் கொஞ்சம் எண்ணெய் விட்டு, ஒரு நாள் ஊறவிட்டு, கிராங்க் முனையில் ஸ்பேனர் போட்டு மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். சுற்றினால் அதிர்ஷ்டம். சுற்றாவிட்டால் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் எண்ணெயையும் அசிட்டோனையும் சரிபாதி கலந்து ஊற்றி, ஒரு வாரம், இரண்டு வாரம் காத்திருங்கள். தினம் ஒருமுறை இரு திசையிலும் லேசாக அசைத்துப் பார்த்தால் போதும். என்னிடம் இருந்த ஒரு வண்டி பதினேழாம் நாள் இளகியது. பதினாறாம் நாள் நான் சுத்தியலைக் கையில் எடுத்திருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இளகியதும் பழைய எண்ணெயை வடித்து ஒரு தட்டில் ஊற்றி வெளிச்சத்தில் பாருங்கள். மெல்லிய சாம்பல் பளபளப்பு சாதாரணம். கண்ணுக்குத் தெரியும் உலோகச் செதில் இருந்தால் பேரிங்கோ கியரோ தேய்ந்திருக்கிறது. ஹோண்டா சிபி350 போன்ற இரட்டைகளில் காகித ஃபில்டர் கிடையாது. கிராங்க்கோடு சுழலும் ஒரு கிண்ணம் மையவிலக்கு விசையால் கசடைச் சுவரில் அப்பி வைக்கும். அதைத் திறந்தால் வண்டியின் முழுச் சரித்திரமும் களிமண் மாதிரி ஒட்டியிருக்கும். சுரண்டித் துடைத்துவிடுங்கள். புதிய எண்ணெய் வாங்கும்போது டப்பாவில் ஜேஏஎஸ்ஓ எம்ஏ என்று இருக்கிறதா பாருங்கள். இந்த வண்டிகளில் கிளட்ச் அதே எண்ணெயில்தான் ஊறுகிறது. காருக்கான எண்ணெய்கள் பலவற்றில் உராய்வைக் குறைக்கும் சரக்கு இருக்கும். அது கிளட்ச்சை வழுக்கவைக்கும்.

அடுத்து கம்ப்ரஷன், அதாவது சிலிண்டர் காற்றை எவ்வளவு அழுத்துகிறது என்பது. ஆக்ஸிலேட்டரை முழுதாகத் திருப்பிப் பிடித்துக்கொண்டு கிக் அடித்து அளக்க வேண்டும். மூடியிருந்தால் காற்று உள்ளே போகாமல் பொய்யான குறைந்த எண் வரும். ஒரு சதுர அங்குலத்துக்கு 120 முதல் 170 பவுண்டுவரை பெரும்பாலான இன்ஜின்களுக்குச் சரி. ஆனால் தனி எண்ணைவிட இரண்டு சிலிண்டருக்கும் உள்ள வித்தியாசம்தான் முக்கியம். பத்து சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். குறைவாக இருக்கும் சிலிண்டரில் ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டு மறுபடி அளந்து பாருங்கள். எண் ஏறினால் ரிங் தேய்மானம், ஏறாவிட்டால் வால்வு. இதைக் குறித்து வைத்தால் இன்ஜினைத் திறக்கத்தான் வேண்டுமா என்று முடிவுசெய்யலாம். அழகாக இல்லை என்பதற்காக நல்ல இன்ஜினைத் திறந்தவர்களை எனக்குத் தெரியும். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்த கதைகள் அவை.

வால்வு இடைவெளியை இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். சிபி350-இல் இன்லெட்டுக்கு 0.05 மில்லிமீட்டர், எக்ஸாஸ்ட்டுக்கு 0.10. சத்தம் வராமல் இருந்தால் நல்லது என்று இடைவெளியைக் குறைத்துவிடாதீர்கள். வால்வு முழுதாக மூடாமல் போனால் எரிந்துவிடும். லேசான டிக்டிக் சத்தம் ஆரோக்கியம்தான். தீப்பொறியைக் கட்டுப்படுத்தும் தொடுமுனைகளான பாயிண்ட்டின் இடைவெளி 0.3 முதல் 0.4 மில்லிமீட்டர். டைமிங் (தீப்பொறி விழும் கணம்) வைக்க 12 வோல்ட் பல்பு ஒன்று போதும்: ஒரு வயரைப் பாயிண்ட்டிலும் மற்றதை எர்த்திலும் கொடுத்து, இக்னிஷனைப் போட்டு, கிராங்க்கைச் சுற்றினால் பாயிண்ட் திறக்கும் கணத்தில் பல்பு எரியும். அந்தக் கணத்தில் கிராங்க்கோடு சுழலும் டைமிங் குறி, நிலையான குறிக்கு நேராக நிற்க வேண்டும்.

கார்புரேட்டரில்தான் பலர் மாதக்கணக்கில் மாட்டிக்கொள்கிறார்கள். பழைய பெட்ரோல் ஆவியாகி, அரக்கு மாதிரி ஒரு படலத்தை விட்டுவிட்டுப் போயிருக்கும். பெட்ரோலை அளந்து விடும் பித்தளைத் துளைகள்தான் ஜெட். மெயின் ஜெட் கண்ணுக்குத் தெரியும் துளை, அது சுலபம். பைலட் ஜெட் ஊசிமுனைத் துளை. அதற்குப் பின்னால் கார்புரேட்டர் உடலுக்குள் இன்னும் மெல்லிய பாதைகள் ஓடும். மேலோட்டமாகத் துடைத்துப் பூட்டியவர்கள்தான் 'சோக் போட்டால் மட்டும் ஓடுகிறது' என்று வருவார்கள். முழுதாகக் கழற்றி, ரப்பர் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, அல்ட்ராசானிக் தொட்டியில் வெந்நீரில் போட்டெடுத்து, ஒவ்வொரு பாதையிலும் காற்று அடித்து மறுமுனையில் வெளியே வருகிறதா என்று விரலில் உணர்ந்து பார்க்க வேண்டும். ஜெட் துளையில் எஃகுக் கம்பி விடாதீர்கள். பித்தளை மென்மையானது, துளை பெரிதாகிவிட்டால் அளவே போச்சு. பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் ஃப்ளோட்டின் உயரத்தை மேனுவல்படி வையுங்கள்.

இங்கேயே இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லோரும் செய்கிற காரியம் இது. சீட்டுக்குக் கீழே இருக்கும் ஏர் பாக்ஸை (காற்று ஃபில்டர் பெட்டியை) தூக்கிவிட்டுக் கார்புரேட்டரின் வாயில் கூம்பு ஃபில்டர் போட்டால் ஃப்ரேமின் நடுவே ஒரு காலி இடம் வந்துவிடும், பார்க்கப் பிரமாதமாக இருக்கும். சிபி350-இலும் யமஹா எக்ஸ்எஸ்650-இலும் இருப்பது வெற்றிட வகைக் கார்புரேட்டர். காற்றுப் பாதையைத் திறக்கும் ஸ்லைடைத் தூக்குவது உங்கள் கை அல்ல, காற்றழுத்த வித்தியாசம். ஏர் பாக்ஸ் அந்தக் காற்றை அமைதிப்படுத்திக் கொடுக்கிறது. அதை எடுத்தால் ஸ்லைடு தடுமாறும், நடுவேகத்தில் வண்டி திக்கும். நான் என் இரண்டாவது வண்டியில் ஆறு செட் ஜெட் மாற்றிப் பார்த்துவிட்டு, கடைசியில் பழைய ஏர் பாக்ஸைத் தேடிப் பிடித்துத் திருப்பி மாட்டினேன். செய்யவே முடியாது என்று சொல்லவில்லை. மாற்றினால் எந்த ஜெட் எந்த இடத்தில் பேசும் என்று தெரிந்திருக்க வேண்டும்: ஆக்ஸிலேட்டரின் முதல் கால் பங்குவரை பைலட் ஜெட், கால் முதல் முக்கால்வரை ஸ்லைடில் தொங்கும் ஊசி, அதற்கு மேல் மெயின் ஜெட். கைப்பிடியில் வெள்ளை டேப் ஒட்டிக் கால், அரை, முக்கால் என்று கோடு போட்டுக்கொண்டு ஓட்டினால் எந்த இடத்தில் திக்குகிறது என்று சரியாகச் சொல்ல முடியும். ப்ளக் நிறமும் பேசும். வெளிர் பழுப்பு நல்லது, கரி பிடித்தால் பெட்ரோல் அதிகம், சுண்ணாம்பு வெள்ளையாக இருந்தால் குறைவு. வெள்ளையைக் கண்டால் அன்றைக்கே நிறுத்திவிடுங்கள். பெட்ரோல் குறைந்த கலவையில் சூடேறி பிஸ்டன் ஓட்டையாகும்.

டேங்க் உள்ளே துருவாக இருந்தால் சிறு கற்களும் செயினும் போட்டு உலுக்குவது பழைய முறை. நான் மின்பகுப்பு முறைக்கு மாறிவிட்டேன். டேங்க் நிறையத் தண்ணீர், லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி சலவை சோடா. வாய் வழியே ஓர் இரும்புக் கம்பியை டேங்க்கில் எங்கும் படாமல் தொங்கவிட்டு, பேட்டரி சார்ஜரின் பாசிட்டிவ் முனையைக் கம்பிக்கும் நெகட்டிவ்வை டேங்க்குக்கும் கொடுக்க வேண்டும். மாற்றிக் கொடுத்தால் கரைவது டேங்க்தான். கம்பி ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கக் கூடாது. அதிலிருந்து நச்சுத்தன்மை உள்ள குரோமியம் வெளியேறும். ஹைட்ரஜன் குமிழி விட்டுக்கொண்டே இருக்கும் என்பதால் கதவைத் திறந்து வையுங்கள், தீப்பொறி எதுவும் அருகில் வேண்டாம். ஒரு நாளில் கம்பி துருப்பிடித்த கரும்பு மாதிரி வெளியே வரும், டேங்க் உள்ளே சாம்பல் நிறமாகிவிடும்.

ஆபத்து பற்றிப் பேசும்போதே மற்றதையும் முடித்துவிடலாம். பழைய பிரேக் ஷூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். டிரம்மைத் திறந்தவுடன் காற்று அடித்துத் தூசியைக் கிளப்பாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள். பிரேக் கிளீனர் ஸ்ப்ரேயில் குளோரின் கலந்த வகை உண்டு. அதைத் தெளித்த உலோகத்தை வெல்டிங் செய்தால் ஃபாஸ்ஜீன் என்ற விஷ வாயு வரும். கொஞ்சம் சுவாசித்தாலே உயிருக்கு ஆபத்து. வெல்டிங் செய்யப்போகும் எதையும் அசிட்டோனால் மட்டும் துடைத்து, முழுதாகக் காயவிடுங்கள். அப்புறம், பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து போய் மூலையில் இருக்கும் வாட்டர் ஹீட்டரின் சுடரைக் கண்டுபிடித்துவிடும். கராஜில் தீயணைப்பான் கதவுக்கு அருகே இருக்கட்டும், வேலை மேசைக்குப் பின்னால் அல்ல.

இன்ஜின் ஓடிவிட்டதென்றால் சார்ஜிங்கைப் பாருங்கள். நல்ல பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் காட்டும். இன்ஜினைக் கொஞ்சம் வேகமாக ஓடவிட்டால் 14-ஐத் தாண்ட வேண்டும், 15-ஐத் தொடக் கூடாது. இன்னொரு அளவு யாரும் எடுப்பதில்லை: இக்னிஷன் காயிலுக்கு வந்து சேரும் வோல்டேஜ். பேட்டரியில் 12.5 இருந்தும் காயிலில் 11 தான் என்றால், சாவி சுவிட்சிலும் பழைய இணைப்புகளிலும் மீதி தொலைகிறது. சூடானதும் நின்றுபோகிறது என்று கார்புரேட்டரைக் குறைசொல்லும் பல வண்டிகளின் நோய் இதுதான்.

ஓட்டுவதற்கு முன் பிரேக்கும் டயரும். முன் டிஸ்க் இருந்தால் மாஸ்டர் சிலிண்டர், கேலிப்பர் இரண்டின் ரப்பர்களையும் ரப்பர் ஹோஸையும் மாற்றாமல் சாலைக்கு வராதீர்கள். பழைய ஹோஸ் உள்ளே வீங்கி, பிரேக்கைப் பிடிக்க விடும், விடுவிக்க விடாது. டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-இன் 23-ஆம் வாரம். மூன்று இலக்கம்தான் இருக்கிறதென்றால் அது 2000-க்கு முந்தைய டயர். பள்ளம் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் தூக்கிப் போடுங்கள்.

இப்போது அசிங்கமான அந்த வண்டியை ஓட்டுங்கள். முந்நூறு, ஐந்நூறு கிலோமீட்டர். எண்ணெய் எங்கே கசிகிறது, மூன்றாம் கியர் நழுவுகிறதா, வேகத்தில் ஹேண்டில் ஆடுகிறதா, கிளட்ச் எங்கே பிடிக்கிறது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். ஷெட்டில் நிற்கும் வண்டி இதில் ஒன்றையும் காட்டிக்கொடுக்காது. கூடவே, முழங்கால் எங்கே வருகிறது, முதுகு எவ்வளவு நேரம் தாங்கும் என்பதும் தெரியும். இரண்டு மணி நேரம், ஃபோர்க் குழாயில் நேராகப் பூட்டும் தாழ்ந்த கிளிப்-ஆன் ஹேண்டிலில் மணிக்கட்டு வலியோடு ஓட்டியபின் என் மூன்றாவது வண்டிக்கு நான் சற்று உயர்ந்த ஹேண்டிலுக்கு மாறினேன். படத்தில் கொஞ்சம் குறைவாகத்தான் தெரியும், பரவாயில்லை.

அதற்கப்புறம்தான் உருவம். பெயின்ட் எதுவும் அடிக்காமல், வெறும் உலோகமாகவே வண்டி முழுவதையும் ஒருமுறை பூட்டிப் பார்க்க வேண்டும். சீட், டேங்க், ஹேண்டில், ஃபுட்ரெஸ்ட், பேட்டரிப் பெட்டி, நம்பர் பிளேட் தாங்கி, கடைசி வாஷர்வரை. பெயின்ட் அடித்த ஃப்ரேமில் ஒரு தாங்கி வெல்டிங் செய்ய மறந்துபோனது தெரியவந்தால் வரும் எரிச்சலை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

பின்பக்கத்தை அறுக்கும் முன் மேல் ஷாக் அப்சார்பர் போல்ட்டைப் பாருங்கள். அதற்கு முன்னால் வெட்டக் கூடாது. பின்சக்கரத்தின் மொத்த உதையும் அங்கேதான் வந்து இறங்குகிறது. அதற்குப் பின்னால் வெட்டி, இரு குழாய்களையும் இணைக்கும் வளைவுக் குழாயைப் பொருத்துவார்கள். வெட்டிய முனைக்குள் இறுக்கமாக நுழையும் ஒரு உட்குழாயை வைத்து, பக்கவாட்டில் துளையிட்டு அதன் வழியாகவும் வெல்டிங் போட்டால்தான் பலம். வெறுமனே முனையோடு முனை ஒட்டியது நடுக்கத்தில் விரிசல் விடும். அளவெடுப்பது, அறுப்பது, அரம் போட்டு ஒளி புகாமல் பொருத்துவது எல்லாம் நீங்களே செய்யலாம். வெல்டிங்கை மட்டும் தேர்ந்தவரிடம் கொடுங்கள். பொருத்தம் சரியாக இருந்தால் அவருக்கு அரைமணி வேலை. வண்டியோடு சேர்த்து வெல்டிங் செய்வதாக இருந்தால் பேட்டரியையும் ரெகுலேட்டரையும் கழற்றிவிட்டு, வெல்டிங் எர்த் கிளாம்பை வெல்டிங் இடத்துக்கு அருகிலேயே மாட்டச் சொல்லுங்கள். தூரத்தில் மாட்டினால் மின்சாரம் பேரிங் வழியாகப் போய்க் குண்டுகளைப் பொரித்துவிடும்.

டயர் சீட்டில் உரசுமா என்பதைக் கண்ணளவில் முடிவுசெய்யாதீர்கள். ஷாக்கிலிருந்து ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு மறுபடி மாட்டி, சக்கரத்தை ரப்பர் தடுப்பு முட்டும்வரை மேலே தூக்கிப் பாருங்கள். நிற்கும்போது நான்கு விரல் இடைவெளி இருந்த வண்டி, தூக்கினால் சீட்டின் அடித்தகட்டில் முட்டும். முன்பக்கமும் அப்படித்தான். ஹேண்டிலை இருபுறமும் முழுதாகத் திருப்பி, கட்டைவிரல் டேங்க்குக்கும் கைப்பிடிக்கும் நடுவே நசுங்குகிறதா பாருங்கள். ஃபுட்ரெஸ்ட்டைப் பின்னுக்குத் தள்ளினால் கிக்கர் அதில் மோதுமா என்பதையும் இப்போதே பார்க்க வேண்டும். கியர் லீவரைத் தலைகீழாகத் திருப்பி மாட்டும் அமைப்பென்றால் கியர் போடும் திசையும் மாறிவிடும். பதற்றத்தில் பழைய பழக்கம்தான் காலுக்கு வரும் என்பதால், இணைப்புக் கம்பி வைத்த வகையையே வாங்குவேன் நான்.

ஃபோர்க்கை மேலே தள்ளி முன்பக்கத்தை இறக்குவது எல்லோருக்கும் பிடித்த மாற்றம். இந்த அளவு நீளமுள்ள வண்டிகளில் 25 மில்லிமீட்டர் இறக்கினால் ஃபோர்க்கின் சாய்வு சுமார் 1 டிகிரி குறையும், கூடவே டிரெயிலும் (ஸ்டியரிங் அச்சின் கோடு தரையைத் தொடும் புள்ளிக்கும் டயர் தொடும் புள்ளிக்கும் உள்ள தூரம்) குறையும். வளைவில் சட்டெனத் திரும்பும், நேர்ச்சாலையில் பதற்றப்படும். அதற்கு மேல் போவதென்றால் காரணம் வேண்டும். இறக்கும் முன் ஃபோர்க் முழுதாக அமுங்கினால் டயர், ஃபோர்க் குழாய்களைப் பிடித்திருக்கும் கீழ்த்தட்டில் முட்டாதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். தேய்ந்த பழைய ஸ்டியரிங் பேரிங்கோடு இதைச் செய்துவிட்டு ஹேண்டில் உதறுகிறது என்று சொல்பவர்கள் உண்டு.

எல்லாம் பொருந்திய பிறகு முழுதாகக் கழற்றுங்கள். ஒவ்வொரு இணைப்பையும் கழற்றும் முன் ஒரு படம், கழற்றிய போல்ட்டுகள் பெயர் எழுதிய பையில். இன்ஜின் மூடிகளின் ஸ்க்ரூக்கள் வெவ்வேறு நீளம். அட்டையில் மூடியின் உருவத்தை வரைந்து, அந்தந்த இடத்தில் துளைபோட்டு ஸ்க்ரூக்களைக் குத்தி வைத்தால் நீளம் மாறி மரை உருளாது. இறுகிய போல்ட்டுக்குப் பலம் காட்டாதீர்கள், சூடு காட்டுங்கள். அலுமினியம் சூட்டில் எஃகைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். சுற்றியுள்ள உலோகத்தைச் சூடாக்கினால் பிடி தளரும்.

தேய்ந்த சிலிண்டரைப் போர் செய்ய (உட்சுவரைக் கடைந்து அகலமாக்க) வேண்டியிருந்தால் முதலில் ஓவர்சைஸ் பிஸ்டனை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, அதையும் சிலிண்டரையும் சேர்த்து லேத் பட்டறைக்குக் கொடுங்கள். 0.25, 0.50 மில்லிமீட்டர் என்று ஓவர்சைஸ் வரும், ஆனால் போர் செய்வது பெட்டியில் உள்ள எண்ணுக்கல்ல, பிஸ்டனின் உண்மையான அளவுக்கு. இன்ஜின் வெளிப்புறத்தைக் கண்ணாடிமணி பிளாஸ்டிங் (பொடிக் கண்ணாடி மணிகளைக் காற்றழுத்தத்தில் பீய்ச்சிச் சுத்தம்) செய்ய நினைத்தால், கோர்த்த இன்ஜினில் வேண்டவே வேண்டாம். கழற்றிய உதிரியாக இருந்தாலும் எண்ணெய்ப் பாதைகளை அடைத்துச் செய்யுங்கள். ஒரு மணி உள்ளே தங்கினால் போதும், பேரிங்கைத் தின்றுவிடும். அலுமினியத்துக்குத் தண்ணீரோடு செய்யும் வேப்பர் பிளாஸ்டிங் நல்லது, ஆனால் அதற்குப் பிறகும் கழுவிக் கழுவிச் சலிக்க வேண்டும்.

ஃப்ரேமுக்குப் பவுடர் கோட்டிங் உறுதியானது. தடிமனானதும்கூட, அதுதான் சிக்கல். ஸ்டியரிங் பேரிங் உட்காரும் இடம், பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம் துளை, இன்ஜின் போல்ட் தொடும் இடங்கள் எல்லாவற்றையும் மூடி அடிக்கச் சொல்ல வேண்டும். எனக்கு அடித்துக் கொடுத்த பட்டறை எர்த் புள்ளியையும் சேர்த்து அழகாக மூடிவிட்டது. வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. இரண்டு வார இறுதி முழுக்கக் காயில், ரெக்டிஃபையர், சுவிட்ச் என்று மாற்றிக்கொண்டே போனேன். கடைசியில் எர்த் போல்ட்டைச் சுற்றிக் காசளவு இடத்தைச் சுரண்டியதும் ஒரே கிக்கில் பிடித்தது. அதிலிருந்து பேட்டரி நெகட்டிவ்விலிருந்து இன்ஜினுக்கும் ஃப்ரேமுக்கும் தனித்தனி வயர் கொடுத்துவிடுகிறேன்.

வயரிங்கைப் பழையதில் ஒட்டுப்போடாமல் புதிதாக இழுங்கள். பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் அந்தக் காலத்து வண்டியில் இருப்பது இக்னிஷன், சார்ஜிங், விளக்குகள், ஹாரன் மட்டுமே. பெரிய காகிதத்தில் உங்கள் கையால் வரைந்து, ஒவ்வொரு சுற்றுக்கும் தனி ஃபியூஸ் வையுங்கள். இணைப்புகளைச் சால்டர் செய்வதைவிட நல்ல கிரிம்ப் கருவியால் அழுத்துவது மேல். சால்டர் போட்ட இடத்துக்குப் பக்கத்தில் வயர் விறைத்து, நடுக்கத்தில் முறியும். 55 வாட் ஹெட்லைட் தனியாகவே நாலரை ஆம்பியருக்கு மேல் இழுக்கும், பழைய ஆல்டர்னேட்டருக்கு அது பாரம். எல்ஈடிக்கு மாறினால் மிச்சமாகும். இண்டிகேட்டரையும் எல்ஈடியாக்கினால் அதை மின்னவைக்கும் ஃப்ளாஷரையும் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் மின்னாமலே போகும், அல்லது வெறிபிடித்த மாதிரி வேகமாக மின்னும்.

பெயின்ட் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். டேங்க்குக்கு அடிக்கும் கடைசிக் கோட் பெட்ரோல் தாங்கும் இரட்டைக் கலவைக் கிளியராக இருக்கட்டும். மற்றது ரசனை.

கோர்த்து முடித்து முதல் ஓட்டம். போர் செய்த இன்ஜினென்றால் ஒரே வேகத்தில் தாலாட்டாமல், ஏற்றி இறக்கி, மிதமான பாரத்தோடு ஓட்டுங்கள். ரிங் சுவரோடு பழகுவதற்குக் கொஞ்சம் அழுத்தம் தேவை. நூறு கிலோமீட்டருக்குள் ஒருமுறையும் ஐந்நூறில் ஒருமுறையும் எண்ணெய் மாற்றுங்கள். முதல் பதினைந்து கிலோமீட்டரில் திரும்பி வந்து ஆக்ஸில் நட்டு, ஹேண்டில் கிளாம்ப், பிரேக் கேலிப்பர் போல்ட், இன்ஜின் தாங்கிகள், புதிதாக வெல்டிங் செய்த இடங்கள் எல்லாவற்றையும் பாருங்கள். இன்ஜின் முழுதாக ஆறியபின் சிலிண்டர் ஹெட் நட்டுகளை மேனுவல் சொன்ன வரிசையில் மறுபடி டார்க் செய்து, வால்வு இடைவெளியையும் சரிபாருங்கள். புது ஸ்போக் போட்ட சக்கரமாக இருந்தால் ஒவ்வொரு ஸ்போக்காகத் தட்டிச் சத்தம் கேளுங்கள். மந்தமாக ஒலிப்பது தளர்ந்திருக்கிறது.

எவ்வளவு காலம் ஆகும் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். வார இறுதிகளில் மட்டும் வேலை பார்த்து என் கடைசி வண்டிக்கு ஒன்றரை ஆண்டு ஆனது. அதில் ஓட வைக்க இரண்டு மாதம், உருவத்துக்கு நான்கு மாதம். மீதி முழுக்க உதிரிக்கும் பட்டறைகளுக்கும் காத்திருந்தது. உங்கள் வண்டியின் மாடலையும், ப்ளக்கைக் கழற்றி எண்ணெய் விட்டபின் கிராங்க் சுற்றுகிறதா என்பதையும் எழுதுங்கள். எந்த உதிரியை இன்றே தேட ஆரம்பிக்க வேண்டும் என்று சொல்கிறேன்.